காந்தாரி சாபமும் கண்ணன் திருவுள்ளமும்

ஸ்ரீமஹாபாரதத்தில் ஸ்த்ரீபர்வம் அளவால் சிறியது. பொருளால் மிகப் பெரியது. கணவனுக்கு இல்லாத பார்வை தனக்கும் வேண்டா என்று கண்ணைக் கட்டிக்கொண்ட காந்தாரி, தவத்தாலும் வ்யாஸர் அருளாலும் பெற்ற திவ்யசக்ஷுஸ்ஸால் போர்க்களத்தைக் காண்கிறாள். மடிந்தோரை ஒருவர்பின் ஒருவராக எம்பெருமானுக்குக் காட்டிப் புலம்புகிறாள். முடிவில் அவனையே சபிக்கிறாள்.

இச்சாபத்தைக் குறித்து உபந்யாஸங்களில் இருவகைக் கருத்துகள் வழங்குகின்றன. பதிவ்ரதையின் சொல் பகவானையும் வென்றது என்பர் சிலர். எல்லாம் அவன் லீலையாதலால் அவள் சொல் வெறும் வ்யாஜமே என்பர் வேறு சிலர். முன்னது அவனுடைய ஸ்வாதந்த்ர்யத்துக்குக் குறையாகும். பின்னது மஹர்ஷி பல அத்யாயங்களில் விரித்துரைத்த ஒரு தாயின் துயரத்தைப் பொருளற்றதாக்கும். மூலத்தை அடைவே நோக்கினால் இரண்டும் நிரம்பாதவை என்பது புலப்படும்.

காந்தாரி சாட்டும் குற்றம் யாது? அவன் கொன்றான் என்று அவள் சொல்லவில்லை. வலிமையும் படையும் சொல்வன்மையும் உடையவனாய், இருதிறத்தாரிடத்தும் செல்வாக்குள்ளவனாய் இருந்தும், குருகுலம் அழிவதை உபேக்ஷித்தான் என்கிறாள். பதிசுச்ரூஷையால் தான் ஈட்டிய தவத்தை ஆணையாக்கி, முப்பத்தாறாம் ஆண்டில் அவனுடைய குலமும் தம்முள் பொருது அழிக என்கிறாள். அபிமன்யுவுக்கும் த்ருபதனுக்கும் விராடனுக்கும் சேர்த்துப் புலம்பியவள், புத்ரசோகம் மேலிட்டுப் பொறிகள் கலங்கிய நிலையிலேயே அவன்மேல் குற்றமேற்றினாள் என்று மஹர்ஷி தெளிவாகக் குறித்திருக்கிறார். ஆகவே சாபத்தை அபசாரம் என்று விரைந்து ஒதுக்குதற்கு இடமில்லை.

இக்குற்றச்சாட்டுக்கு விடை உத்யோகபர்வத்தில் உள்ளது. தூது வந்த கண்ணன், துர்யோதனன் முதலிய நால்வரையும் கட்டிப் பாண்டவரிடம் ஒப்படைத்துக் குலத்தைக் காத்துக்கொள்ளுமாறு ஸபையில் உரைத்தான். அதைக் கேட்டபின்னரே த்ருதராஷ்ட்ரன் விதுரரை அனுப்பிக் காந்தாரியை அழைப்பித்தான். அவளும் வந்து மகனுக்கு நீதி உரைத்தாள். எனவே அவன் உபேக்ஷித்தானல்லன் என்பதற்கு அவளே ஸாக்ஷி. ஆயினும் ஸ்த்ரீபர்வத்தில் எம்பெருமான் தன் தூதைப் பற்றி ஒரு சொல்லும் அருளவில்லை. நூறு மக்களின் உடல்கள் கிடக்கும் களத்தில் தாயோடு வழக்காட அவன் திருவுள்ளம் இசையவில்லை. புன்முறுவல் பூத்து, விருஷ்ணிகளைப் பிறர் அழிக்க இயலாமையின் இவ்வாறு நிகழவேண்டியதே என்று சாபத்தை ஏற்றுக்கொள்கிறான்.

அடுத்து அவன் உரைப்பதே இடர் விளைப்பது. உன் குற்றத்தாலன்றோ குருக்கள் அழிந்தனர், அதை என்மேல் ஏற்றுவதேன் என்கிறான். இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். இரண்டாம் சூதுக்கு முன்பே துர்யோதனனைக் கைவிடுமாறு கணவனிடம் சொன்னவள் காந்தாரி. அறத்தின் பக்கமே வெற்றி என்று மகனிடமும் கூறியவள் அவள். அவளைக் குற்றவாளியாக்குவது முறையோ?

ஸமாதாநம்: அவளுடைய உபதேசத்தில் குறையில்லை, குறை பந்தத்தில் உள்ளது. கைவிடத்தக்கவன் என்று அறிந்தும் அவனை முன்னிறுத்தியே நின்றாள். ஸாமாந்ய தர்மத்துக்கும் விசேஷ தர்மத்துக்கும் முரண் நேர்ந்தபோது ப்ரஹ்லாதன் தந்தையை விட்டான். விபீஷணன் தமையனை விட்டான். பரதன் தாயின் சொல்லை விட்டான். காந்தாரி அறிந்தாள், சொன்னாள், விடவில்லை. கண்டும் காணாதிருத்தலே உபேக்ஷை. அச்சொல் கண்ணைக் கட்டிக்கொண்டவள் வாயிலிருந்து வந்தது. அதன் பொருள் அவளிடமே திரும்பிற்று.

பராயத்தாதிகரணத்தில் ஸ்ரீபாஷ்யகாரர் நிர்வஹித்தருளிய முறை இங்கே துணையாகும். சேதநனுடைய முயற்சியை அபேக்ஷித்தே ஈச்வரன் அநுமதி தந்து நடத்துகிறான். தூது சென்று ஹிதம் உரைத்தது அவன் க்ருபை. அதை ஏற்பதும் மறுப்பதும் குருக்களின் முயற்சி. வலிந்து தடுக்காமை உபேக்ஷையாகாது.

இனி, சாபம் பலித்தது எவ்வாறு? மௌஸலபர்வத்தில் முப்பத்தாறாம் ஆண்டின் தீநிமித்தங்களைக் கண்ட எம்பெருமான், காந்தாரியின் சொல்லை நினைந்து, அதை மெய்யாக்கத் திருவுள்ளங்கொண்டே யாதவரை ப்ரபாஸத்துக்குச் செல்லப் பணிக்கிறான். முனிவர்களின் சாபம் வேறாக இருக்கவும் அவன் நினைந்தது இவள் சொல்லை. பீஷ்மரின் சபதத்தை மெய்யாக்கத் தன் சபதத்தை விட்டவனுக்கு இது புதிதன்று. சாபம் அவனை வெல்லவில்லை, வ்யாஜமாகவும் ஒழியவில்லை. அவளது பாதிவ்ரத்யத்தைப் பொய்க்கவிடாமல் அவன் காத்தருளினான்.

கண்ணன் கடிந்த சொல்லுக்குப் பின் காந்தாரி மௌனமானாள். அம்மௌனத்தின் பலன் ஆச்ரமவாஸபர்வத்தில் தெரிகிறது. பதினாறு ஆண்டுகள் கழிந்தபின் வனத்தில் வ்யாஸர் வரமளிக்க வந்தபோது, அவள் தன் மக்களுக்காக மட்டும் கேட்கவில்லை. த்ரௌபதிக்காகவும் கண்ணனின் தங்கையான ஸுபத்ரைக்காகவும் சேர்த்தே வேண்டினாள். ஸுபத்ரை இழந்த மகனைக் கொன்றவர்கள் காந்தாரியின் பக்கத்தார். பந்தம் தளர்ந்த இடத்திலும் தாய்மை குன்றவில்லை. பிறர் மக்களையும் உள்ளடக்கி விரிந்தது. ஸ்த்ரீபர்வத்தில் கடுமையாகத் தோன்றிய திருவாக்கு ஹிதமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.