பழைய கிட்டாரின் விலை: பாதிக் கணக்கு பிசகும் இடம்

கடலூர், சிதம்பரம் பக்கம் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் கைமாறும்போது விலை பேச ஒரே ஒரு கணக்குதான் புழக்கத்தில் இருக்கிறது: பில் விலையில் பாதி. கீறல் கண்ணில் பட்டால் ஆயிரம் இரண்டாயிரம் குறையும். பை, ஒயர், சின்ன ஆம்ப் சேர்த்துக் கொடுத்தால் கொஞ்சம் ஏறும். திருப்பாதிரிப்புலியூரில் ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர் விற்றாலும் சரி, படிப்பை முடித்துக்கொண்டு அண்ணாமலை நகரிலிருந்து ஊர் திரும்பும் மாணவர் விற்றாலும் சரி, பேச்சு அங்கேதான் தொடங்கும். இந்தப் பாதிக் கணக்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனால் நிறைய வாசிக்கப்பட்ட கிட்டார் ஒன்று விலைக்கு வரும்போது இந்தக் கணக்கு விற்பவரையோ வாங்குபவரையோ, இருவரில் ஒருவரை நிச்சயம் ஏமாற்றிவிடுகிறது என்பது என் முடிவு.

முதலில் நியாயம். பெருநகரங்களில் பழைய கருவிகளை வாங்கி, பழுது பார்த்து, விலை ஒட்டி விற்கும் கடைகள் இருப்பதால், ஒரு கிட்டாருக்கு என்ன விலை நடக்கிறது என்பது ஓரளவு தெரியும். இங்கே விற்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். நடுவில் விவரம் தெரிந்த ஆள் கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் இருவருக்கும் புரிகிற எளிய விதி ஒன்று இருப்பது நல்லதுதான். பேச்சு முற்றிச் சண்டையில் முடியாது. அவசரத்துக்குப் பணம் தேவைப்படுபவரை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல் அது ஓரளவு காக்கிறது.

விற்பவரின் மனசுக்கும் அது கடிவாளம் போடுகிறது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். டேனியல் கானேமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-ல் வெளியிட்ட ஆய்வு இதையே எண்ணிக்கையில் காட்டியது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் ஒரு பாதியினருக்குச் சாதாரணக் காபிக் கோப்பையைக் கையில் கொடுத்து விற்கச் சொன்னார்கள். கோப்பை கிடைத்தவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் தர முன்வந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே இப்படியென்றால், கிறிஸ்துமஸ் ஆராதனைகளிலும் சித்திரைத் திருவிழாக் கச்சேரிகளிலும் வருடக்கணக்காகத் தோளில் தொங்கிய கிட்டாருக்கு அதன் சொந்தக்காரர் என்ன விலை வைப்பார்? வாங்க வருபவருக்கு அந்தக் கச்சேரிகள் எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பாதி என்ற சொல் விற்பவரைத் தரைக்கு இறக்குகிறது.

பிசகு பில்லில் தொடங்குகிறது. இங்கே விற்கும் ஆரம்பநிலை, இடைநிலை எலெக்ட்ரிக் கிட்டார்களில் பெரும்பாலானவை இந்தோனேசியாவிலோ சீனாவிலோ செய்யப்பட்டு இறக்குமதியானவை. அவற்றின் விலை டாலரோடு சேர்ந்து ஏறும். 2012-ல் ஒரு டாலர் சுமார் 53 ரூபாய். 2024-ல் 84-ஐ ஒட்டி. வரியும் இடையில் ஆடியிருக்கிறது: 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இசைக்கருவிகளுக்கு 28 சதவீதம், அதே ஆண்டு நவம்பரில் 18 சதவீதம். ஆக 2012-ம் ஆண்டுப் பில்லை நீட்டி அதில் பாதி கேட்பவர், இன்று எந்தக் கடையிலும் இல்லாத ஒரு விலையில் பாதியைக் கேட்கிறார். வாங்குபவர் ஒப்பிட வேண்டியது அதே ரகத்தின் இன்றைய கடை விலையோடு. பழைய பில்லால் ஆகிற பயன் வேறு: கருவி திருட்டுப் பொருள் அல்ல என்பதற்கும் அதன் வயதுக்கும் அது சாட்சி.

இரண்டாவது பிசகு கண்ணை நம்புவது. வண்ணம் உதிர்ந்ததா, விளிம்பில் அடிபட்டதா என்றுதான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் உடம்பின் கீறல் ஓசையைத் தொடுவதே இல்லை என்று சொல்லலாம். விலை இருக்கும் இடம் நெக், அதாவது கிட்டாரின் கழுத்து. கிட்டாரைத் துப்பாக்கி பிடிப்பதுபோலக் கண்ணுக்கு நேராக நீட்டி, நெக்கின் ஓரம் நேராகப் போகிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஆறாவது கம்பியை, நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவு என்றால் நல்லது. அதிகமாக வளைந்திருந்தால் நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம். அதன் திருகு முனை தேய்ந்து சாவி வழுக்கினால் பேரம் அங்கேயே வேறு விலைக்குப் போய்விடும். முறுக்கிய நெக்கை நம்மூரில் நேராக்க வழியில்லை.

ஃப்ரெட்டுகள் இன்னும் நிறையப் பேசும். விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் கம்பி அழுந்திய இடங்கள் சின்னச் சின்னக் குழிகளாக மின்னும். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் குழி என்றால், மேடையில் ரிதம் வாசித்த, கார்டு பிடித்தே வாழ்ந்த கிட்டார். நடு ஃப்ரெட்டுகளின் மேல்பரப்பு பக்கவாட்டில் வழவழவென்று தட்டையாகியிருந்தால், கம்பியை இழுத்து இழுத்து வாசித்திருக்கிறார்கள். ஆர். பிரசன்னா போன்றவர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்து காட்டிய பிறகு, கமகத்துக்காகக் கம்பியை இழுத்துப் பழகும் பிள்ளைகள் எங்கும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஃப்ரெட் சீக்கிரம் கரையும். சாதாரண ஃப்ரெட் கம்பியை நிக்கல் சில்வர் என்று சொன்னாலும் அதில் வெள்ளி கிடையாது; செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த மென்மையான உலோகம். அதை இரண்டு மூன்று முறை ராவிச் சமன் செய்யலாம். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாக அடிக்க வேண்டியதுதான். பளபளவென்று துடைத்து வைத்திருக்கும் கிட்டாரில் ஃப்ரெட் கரைந்துபோயிருக்கும். மூலை உடைந்து அழுக்கேறிய கிட்டாரில் போன வருடம்தான் ஃப்ரெட் மாற்றியிருப்பார்கள். பாதிக் கணக்கு முதலாவதற்கு அதிகமாகவும் இரண்டாவதற்குக் குறைவாகவும் கொடுக்கும்.

கடலூருக்கென்று ஒரு கேள்வியும் உண்டு. தேவனாம்பட்டினத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் வீசும் உப்புக் காற்று கம்பியைத் துருவேற்றுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், கம்பியை மாற்றிவிடலாம். பிரிட்ஜில் இருக்கும் மிகச் சிறிய திருகுகள் துருப்பிடித்து இறுகிப்போனால் கம்பியின் உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒலிக் குமிழைத் திருப்பினால் கரகரவென்று சத்தம் வருவதும் பெரும்பாலும் ஈரமும் தூசியும் செய்த வேலை. இதையெல்லாம்விட முக்கியமாகக் கேட்க வேண்டியது: 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்தபோதும், 2015 வெள்ளத்தின்போதும், 2024-ல் ஃபெஞ்சல் புயலையடுத்துத் தென்பெண்ணை கரைபுரண்டபோதும் இந்தக் கிட்டார் எங்கே இருந்தது? பரணில் இருந்ததா, தரையோடு கிடந்த பெட்டிக்குள் இருந்ததா? ஒருமுறை நீரில் ஊறிய மரத்தின் ஒட்டு, வெளியே காய்ந்து பளிச்சென்று தெரிந்தாலும், பிறகொரு நாள் கம்பியின் இழுப்புக்கு விட்டுக்கொடுக்கும். இந்தக் கேள்வியை நம்மூரில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பில் இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறார்கள்.

பாதிக் கணக்கு எங்கே முழுதாகத் தோற்கிறது என்பது வீணையோடு வைத்துப் பார்த்தால் விளங்கும். தஞ்சாவூர் வீணைக்கு மரம் போவது இதே கடலூர் மாவட்டத்திலிருந்துதான்: பண்ருட்டிப் பலா. வீணையின் 24 மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. சுருதி பிசகினால் மெழுகை இளக்கி, மெட்டுகளைக் காதால் கேட்டுக் கேட்டுத் திரும்பப் பதிப்பார்கள்; அதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். தேய்மானம் என்பது வீணையின் பிறப்பிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஒன்று. 1929-லிருந்து இசைக் கல்லூரி இருக்கிற சிதம்பரத்தில் பழைய வீணையை யாரும் பில்லை வைத்து விலை பேச மாட்டார்கள். மரம் எப்படி, ஒற்றை மரத்தில் குடைந்த ஏகாண்டமா, நாதம் எப்படி என்றுதான் பேச்சு போகும், ஏனென்றால் மேளம் கட்டுபவர் கையில் மீதி எல்லாம் சரியாகிவிடும் என்று இருவருக்கும் தெரியும். கிட்டாரின் ஃப்ரெட்டும் மாற்றக்கூடியதுதான். மாற்றுவதற்குக் கை தேர்ந்த ஆள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். புதுச்சேரிக்கோ சென்னைக்கோ தூக்கிக்கொண்டு போக வேண்டும், வேலை முடிந்ததும் மறுபடி போய் எடுத்து வர வேண்டும். நம்மூரில் பழைய கிட்டார் விலை சரிவதற்குப் பாதிக் காரணம் கிட்டாரின் தேய்மானத்தில் இல்லை, அந்தப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறது. விற்பவர் தானே அந்த வேலையை முடித்து, ரசீதோடு விற்றால் செலவழித்ததைவிட அதிகமாகத் திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் வாங்குபவர் காசுக்கு மட்டும் பயப்படுவதில்லை, அலைச்சலுக்கும் பயப்படுகிறார்.

தேய்ந்த கிட்டாருக்குத் தனி மதிப்பு உண்டு என்ற பேச்சையும் இங்கே சொல்ல வேண்டும், விற்பவர்கள் இதை அடிக்கடி எடுத்துவிடுகிறார்கள். அயர்லாந்துக் கலைஞர் ரோரி காலகர் 1963-ல் கார்க் நகரக் கடையொன்றில் 100 பவுண்டுக்கு வாங்கிய 1961-ம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஏற்கெனவே ஒருவர் கைபட்ட கிட்டார்தான். வியர்வையில் வண்ணம் பெரும்பாலும் கரைந்து மரம் வெளியே தெரிந்த அந்தக் கிட்டார் 2024 அக்டோபரில் லண்டன் போனம்ஸ் ஏலத்தில் 8,89,400 பவுண்டுக்குப் போய், அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. அந்த விலை தேய்மானத்துக்குக் கொடுத்ததல்ல, தேய்த்த கைக்குக் கொடுத்தது. அதே அளவு தேய்ந்த இன்னொரு கிட்டார் எங்கள் ஊர் மேடைகளில் எத்தனை ஊர்களைச் சந்தோஷப்படுத்தியிருந்தாலும், சந்தையில் அதற்குத் தேய்ந்த கிட்டாரின் விலைதான். இது வருத்தமான நிலைமை என்பதில் சந்தேகமில்லை. விலையில் அந்த வருத்தத்தைக் கூட்டக் கூடாது.

எண்ணில் வைத்துப் பார்க்கலாம். 2012-ல் 18,000 ரூபாய்க்கு வாங்கிய கிட்டார், அதே ரகம் இன்று கடையில் 28,000 என்று வைத்துக்கொள்வோம். பாதிக் கணக்குப்படி 9,000. என் கணக்கு இன்றைய விலையிலிருந்து தொடங்கும். உத்தரவாதம் இல்லை, பிடிக்காவிட்டால் திருப்பித் தர முடியாது என்பதற்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் சுமார் 18,700. ஃப்ரெட் வேலைக்கும் போக்குவரத்துக்கும் 5,000, குமிழும் ஒயர் சொருகும் ஜாக்கும் மாற்ற 1,000 கழித்தால் 12,700. பாதிக் கணக்கு விற்பவரிடமிருந்து 3,700 ரூபாயை எடுத்துக்கொண்டது. அதே கிட்டாரின் நெக் முறுக்கியிருந்தால் நிலைமை தலைகீழ்: பிக்-அப், முறுக்காணி, உடம்பு இவற்றின் உதிரி விலைதான் மிஞ்சும், 5,000 வந்தாலே பெரிது. அப்போது 9,000 கொடுப்பவர் 4,000 ரூபாயை ஒரு விறகுக்குக் கொடுக்கிறார். விற்பவர் ஆசையாகப் போட்ட விலையுயர்ந்த பிக்-அப்புக்கு வாங்குபவர் தனியாக எதுவும் தர மாட்டார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனி பாகங்களைப் பத்திரமாக வைத்திருந்தால் அவற்றையே திரும்ப மாட்டி, நல்ல பிக்-அப்பைத் தனியாக விற்பது லாபம்.

விற்கலாமா வேண்டாமா என்பது இந்தக் கணக்குக்குப் பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வி. நம்மூரில் இதற்குப் பதில் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்துவிடுகிறது. கீபோர்டு ஒன்றே எல்லா வாத்தியமும் வாசிக்கும் என்று ஆனதும் ஆர்கெஸ்ட்ராக்களில் கிட்டார்காரர்கள் குறைந்தார்கள். டிராக் போட்டுப் பாடும் கச்சேரிகள் வந்ததும் மீதியும் குறைந்தது. கிட்டார் பரண் ஏறியது, அப்புறம் வீட்டில் யாராவது “சும்மா கெடக்குது, வந்த வெலைக்குக் குடுத்துடுப்பா” என்று சொல்லும் நாளும் வந்தது. சும்மா கிடப்பது மட்டும் விற்கக் காரணமாகாது. இதே கிட்டார் இதே நிலையில் இன்னொருவர் வீட்டில் இருந்து, இன்று நான் அதை வாங்கப் போனால் எவ்வளவு கொடுப்பேன் என்று கேட்டுப் பார்க்கலாம். சந்தையில் கிடைக்கும் தொகை அதைவிட அதிகமென்றால் விற்றுவிடலாம். குறைவென்றால் கிட்டார் தன் விலைக்குமேல் இன்னும் நமக்குப் பயன்படுகிறது, வைத்துக்கொள்வதே கணக்குக்குச் சரி. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கிட்டாரை ஒரு தனிநபர் விற்கும்போது ஜிஎஸ்டி கிடையாது. வாங்குபவருக்கு அதுவும் ஒரு மிச்சம் என்பதைப் பேரத்தில் சொல்லலாம்.

நேரமும் விலையில் சேரும். சிதம்பரத்தில் கல்லூரி திறக்கும் பருவத்தில் கற்றுக்கொள்ள நினைக்கும் பிள்ளைகள் வருவார்கள், அவர்களுக்கு நல்ல நெக்கும் குறைந்த விலையும் வேண்டும், பெயர் முக்கியமில்லை. கடலூரில் தேவாலயப் பாடகர் குழுக்கள் ஐப்பசி கார்த்திகையில் கிறிஸ்துமஸ் ஒத்திகைக்குத் தயாராகும்போது, உடனே மேடையில் மாட்டி வாசிக்கக்கூடிய கிட்டாரைத் தேடுவார்கள். அவர்கள் பேரம் குறைவாகப் பேசி வேலை சுத்தமாக முடிந்ததைக் கேட்பார்கள். மழைக்காலமும் அதுதான். ஆகவே ஃப்ரெட் வேலையை ஆவணிக்குள் முடித்து, கம்பியைப் புதிதாகப் போட்டு, நெக்கை ஒருமுறை திருகிச் சரிபார்த்து, பார்க்க வருபவரிடம் கிட்டாரையும் ஆம்பையும் கொடுத்து அரை மணி நேரம் வாசிக்க விட வேண்டும். பில்லை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.