நெட்டிமையார் பாட்டும் வானூர்திப் போரும்

புறநானூற்று 9ஆம் பாட்டில் நெட்டிமையார், பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் போற்றுகின்றார். அம்பு விடுமுன் ஆவினம், அந்தணர், பெண்டிர், பிணியாளர், புதல்வரைப் பெறாதார் ஆகியோரை அரண் சேருமாறு அவன் அறிவிப்பானாம். வெறும் புகழ்ச்சியெனத் தள்ளினும், புலவர் ஈண்டுப் புகழத் தேர்ந்தது வெற்றியையன்று என்பது நோக்கத்தக்கது. இவ்வறத்தைப் பாராட்டுவோர் பலர்; அதற்கு இடந்தந்த படைக்கலத்தை எண்ணுவோர் சிலரே. வில்லாளன் எதிர்நிற்பவனைக் கண்டு எய்தான். ஆதலின் விலக்கவும் அவனுக்கு இயன்றது. 1942 ஏப்பிரல் 5இல் யப்பானிய வானூர்திகள் கொழும்பைத் தாக்கியபோது அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. பாட்டு விலக்கிய பிணியாளரே மாண்டனர். மிதிவெடிக்கோ எய்பவனும் அருகில் இல்லை. 2009இல் போர் ஓய்ந்த பின்னரும் வன்னி மண்ணிற் புதைந்து கிடந்த மிதிவெடி, மேயவந்த ஆவென்றும் விறகு பொறுக்க வந்த பெண்ணென்றும் பிரித்தறிந்ததில்லை.