ஒரு சொட்டு ரத்தமும் 480 எழுத்துகளும்

1897-ல் ஊட்டிக்கு வந்த ரொனால்டு ராஸ், சீகூர் மலைச்சரிவில் மலேரியாவை ஆராயப் போய்த் தானே காய்ச்சலில் படுத்தார். மறு ஆண்டு கல்கத்தாவில், கொசு வழியாக மலேரியா ஒட்டுண்ணி பரவும் சுழற்சியை அவர் முழுதாகக் கண்டது பறவைகளிடம்தான். கையில் இருந்தது நுண்ணோக்கி. இன்று அந்த இடத்தை டிஎன்ஏ பிடித்துவிட்டது. பறவை ரத்தத்திலுள்ள ஒட்டுண்ணியின் சைட்டோகுரோம் பி மரபணுவில் சுமார் 480 எழுத்துகள் கொண்ட துண்டைப் பெருக்கி வாசிக்கிறார்கள். ஓரெழுத்து மாறினாலே தனி மரபுவழி. 2009 முதல் இயங்கும், பறவை மலேரியா ஒட்டுண்ணிகளுக்கான மாலாவி தரவுத்தளத்தில் அதற்கொரு பெயர். நுண்ணோக்கியில் தவறிப்போகும் மிகக் குறைந்த தொற்றும் இதில் சிக்கும். உலகெங்கும் ஒரே துண்டை வாசிப்பதால் நீலகிரியையும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகளையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடலாம். சோலைக்காட்டுப் பறவைகள் பற்றிய 2019 ஆய்வு, மலை இடைவெளியும் பறவையின வேறுபாடும் பல இனங்களில் வாழும் ஒட்டுண்ணியையும் சில இனங்களோடு நிற்பதையும் வெவ்வேறு விதமாகக் கட்டுப்படுத்துவதைக் காட்டியது. ரத்தம் பூசிய நுண்ணோக்கித் தகடுகளை மட்டும் வைத்து இதைச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் மரபுவழியைக் கண்டறிவது ஒன்று, ஒட்டுண்ணியை அடையாளம் காண்பது வேறு. கொசு செலுத்திய கிருமி பறவைக்குள் வளராமல் முடங்கினாலும் அதன் டிஎன்ஏ சோதனையில் தெரியும். அடுத்த கொசுவுக்குத் தொற்ற ரத்த அணுக்களில் பாலணுக்கள் (கேமிட்டோசைட்டுகள்) உருவாக வேண்டும். அதைத் தகடுதான் காட்டும். தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக்கும் இடையே பறக்கும் செம்மீசைச் சின்னானிடமும் நீலகிரிச் சோலைக்கிளியிடமும் ஒரே மரபுவழி கிடைத்தால், இரண்டுமே அதைப் பரப்புகின்றன என்று முடிவு கட்டுவது அவசரம். ஹவாயில் பிளாஸ்மோடியம் ரெலிக்டம் என்ற மலேரியா ஒட்டுண்ணி அரிய பறவைகளை அழித்த கதை தெரிந்தவர்களுக்கு இந்த அவசரம் புரியும். ஆனாலும் ஆதாரம் வேண்டும். கலப்புத் தொற்றாக இருந்தால், டிஎன்ஏ சோதனையில் மிகுதியாக உள்ளது மட்டும் பெருகி, மற்றது மறைந்துபோவதும் உண்டு.

நுண்ணோக்கி மட்டும் பிழையற்றதா என்று கேட்கலாம். இல்லை. பறவைக் குடும்பம் மாறினாலே ஒட்டுண்ணியும் வேறு என்ற ஊகத்தில் முன்பு பல பெயர்கள் சூட்டப்பட்டன. பார்வைத் தேர்ச்சி அருகிவருகிறது, நேரமும் பிடிக்கும் என்பதும் உண்மை. ஆனால் ரத்தப் பூச்சுக்கு வேறாகப் பறவை பிடிக்க வேண்டியதில்லை. டிஎன்ஏவுக்கு எடுத்த ரத்தத்திலேயே ஒரு துளி போதும். காயவைத்து மெத்தனாலில் நிலைப்படுத்தி ஜீம்சா சாயமிட்ட தகடு பல ஆண்டுகள் தாங்கும். பிளாஸ்மோடியம் ரத்த அணுக்களிலேயே பிளந்து பெருகும், அதன் உறவான ஹீமோபுரோட்டியஸ் அங்கே பாலணுவாக மட்டும் தெரியும் என்ற அடிப்படைப் பிரிவினையைப் பின்னால் வேறொருவரும் அதில் சரிபார்க்கலாம். எனவே மரபுவழிகளின் எண்ணிக்கையை வெளியிடும் ஆய்வு, அவற்றில் எத்தனைக்கு எந்தப் பறவையில் பாலணு காணப்பட்டது என்பதையும் அதே அட்டவணையில் தர வேண்டும்.