வரியைப் படித்துவிட்டு இசையைப் போற்றுகிறோம்

கெண்ட்ரிக் லமாரின் 'டேம்' ஆல்பத்துக்கு 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்ததிலிருந்து, ஹிப்-ஹாப்புக்காகப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே வாதத்தைத்தான் எடுத்துவைக்கிறார்கள். ராப் என்பது கவிதை. சிறந்த ராப் ஆல்பம் என்பது சிறந்த கவிதைத் தொகுப்பு. ஆழமான வரிகள் இருந்தால் அது காலத்தைத் தாண்டி நிற்கும். ஓர் ஆல்பம் வெளிவந்த இரவே அதைக் 'கிளாசிக்' என்று அறிவித்துவிடும் இன்றைய அவசரத்துக்கும் இந்த வாதம்தான் துணை. விடிவதற்குள் வரிகள் எழுத்தில் வந்துவிடுகின்றன. இரட்டை அர்த்தங்களைப் பிரித்து, உவமைகளுக்கு உரை எழுதி, மதியத்துக்குள் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். அந்த எழுத்தில் பீட்டுக்கென்று, அதாவது வரிகளுக்கு அடியில் ஓடும் இசைக்கென்று, ஒரு பத்தி ஒதுக்கியிருந்தால் அதுவே அதிகம்.

வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 1943 முதல் கொடுக்கப்பட்டுவரும் அந்தப் பரிசு, 'டேம்' வரும்வரை மேற்கத்திய செவ்வியல் இசையையும் ஜாஸையும் தாண்டிப் போனதே கிடையாது. ஜாஸுக்கே 1997இல் வின்டன் மார்சலிஸ் வழியாகத்தான் முதலில் கிடைத்தது. 1965இல் டியூக் எலிங்டனுக்குச் சிறப்பு விருது கொடுக்கலாம் என்று நடுவர்கள் பரிந்துரைத்தபோது புலிட்சர் வாரியம் மறுத்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்துக்குள் நுழைய 'இதுவும் இலக்கியம்தான்' என்ற வாதம் உதவியது என்றால் உதவட்டும். லமார் பெரிய எழுத்தாளர், அதிலும் சந்தேகமில்லை.

ஆனால் ஓர் ஆல்பம் முப்பது ஆண்டு நிற்பதற்கு வரிகள் முதல் காரணம் அல்ல. இரண்டாவது காரணமாக இருக்கலாம். முதல் காரணம் ஒலி: எந்தப் பழைய இசைத்தட்டிலிருந்து எந்தத் துண்டை வெட்டினார்கள், அதன் அடியில் ட்ரம்ஸை எப்படி உட்கார வைத்தார்கள், ராப்பரின் குரல் அதன்மேல் எங்கே விழுகிறது, ஒரு பாட்டுக்குப் பின் அடுத்ததாக எது வருகிறது. இதை விட்டுவிட்டு எழுதப்படும் ஹிப்-ஹாப் விமர்சனத்தை நான் விமர்சனமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

வரிகளின் பெருமைக்கு எல்லோரும் சாட்சிக்கு அழைக்கும் ஆல்பத்தையே பார்க்கலாம். நாஸின் 'இல்மாட்டிக்', 1994 ஏப்ரலில் வந்தது. பத்தே தடங்கள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அப்போது நாஸுக்கு வயது 20. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பு வாழ்க்கையை இத்தனை கூர்மையாக எழுதியவர் இல்லை என்பார்கள். சரி. ஆனால் அந்த வரிகள் யாருடைய கையில் போய்ச் சேர்ந்தன? டிஜே பிரீமியர், பீட் ராக், லார்ஜ் புரொஃபஸர், கியூ-டிப், எல்.இ.எஸ். என்று அன்றைய நியூயார்க்கின் மிகச் சிறந்த பீட்காரர்கள் ஒரு இருபது வயதுப் பையனுக்காக வரிசையில் நின்றார்கள். ஒரு ஆல்பத்துக்கு ஒரு புரொட்யூசர் அல்லது ஒரு குழு என்பது வழக்கமாக இருந்த காலத்தில் இது புதிது.

'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஜோ சேம்பர்ஸின் ஜாஸ் இசைத்தட்டிலிருந்து பிரீமியர் எடுத்த பியானோத் துண்டு கீழ்ஸ்தாயியில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. மெட்டு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. யாரோ படிக்கட்டில் இறங்கி வருவதுபோல் நாலைந்து ஸ்வரங்கள், அவ்வளவுதான். நாஸ் தொடக்கம் பிடிபடாமல் முதலில் ஏதோ முணுமுணுக்கிறார். பிறகு சட்டென்று உள்ளே குதிக்கிறார். மூச்சு வாங்க இடமில்லாமல் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் போகின்றன. ஸ்நேர் ட்ரம் அடி விழும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னே ஒரு சொல், கொஞ்சம் பின்னே ஒரு சொல், இயைபு மட்டும் அடியின் மேலேயே. கேட்கிறவருக்கு வரும் பதற்றம் அந்த இடைவெளியில் பிறக்கிறது. தாளில் அச்சடித்தால் இயைபு தெரியும். இடைவெளி தெரியாது.

'தி வேர்ல்ட் இஸ் யுவர்ஸ்' பாட்டில் பீட் ராக் எடுத்துக்கொண்டது அகமத் ஜமாலின் பியானோவை. பீட் ராக்கின் கை பழகிய கருவி எஸ்பி-1200 என்ற சாம்பிளர், ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கவிடும் கருவி. அதன் நினைவகத்தில் மொத்தமே சுமார் பத்து விநாடி ஒலிதான் அடங்கும். அதனால் அக்காலத்துக் கலைஞர்கள் 33 சுற்று வேகத்தில் ஓடவேண்டிய இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிவுசெய்து, பிறகு கருவிக்குள் வேகத்தைக் குறைப்பார்கள். இடம் மிச்சம், கூடவே ஒலியில் ஒரு சொரசொரப்பு ஒட்டிக்கொள்ளும். தொண்ணூறுகளின் நியூயார்க் ராப்புக்கு என்று நாம் அடையாளம் காணும் அந்த மங்கல் அழகு பெரிய அளவில் இப்படிப் பிறந்ததுதான். எந்த வரி விளக்கத்திலும் இது வராது. 'ஒன் லவ்' சிறையிலிருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கடிதத்துக்கு அடியில் கியூ-டிப் ஓடவிட்ட, ஹீத் பிரதர்ஸ் ஆல்பத்திலிருந்து எடுத்த ஆப்பிரிக்க விரல் பியானோவின் ஒலியை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

வரிதான் எல்லாம் என்றால் நாஸின் பிற்கால ஆல்பங்களும் இதே உயரத்தில் நின்றிருக்க வேண்டும். மனிதர் அதே மனிதர், எழுதும் திறமையும் குறையவில்லை. ஆனாலும் 1999இல் வந்த 'நாஸ்ட்ரடேமஸ்' ஆல்பத்தை இன்று யாரும் தேடிப் போய்க் கேட்பதில்லை. நாஸ் பீட் தேர்ந்தெடுப்பதில் சறுக்குகிறார் என்பது ராப் ரசிகர்களின் பல ஆண்டுப் புலம்பல். அவருக்கு முதல் கிராமி கிடைத்தது 2021இல், 'கிங்ஸ் டிஸீஸ்' ஆல்பத்துக்கு. ஹிட்-பாய் என்ற ஒரே பீட்காரர் கூடவே உட்கார்ந்து அமைத்த ஆல்பம் அது.

டாக்டர் டிரேயின் 'தி குரானிக்' (1992) எதிர்ப்பக்கத்துச் சாட்சி. பெண்களைப் பற்றி அதிலுள்ள வரிகளை நான் நியாயப்படுத்த மாட்டேன், யாராலும் முடியாது. கவிதை என்ற அளவுகோலை வைத்தால் அது முதல் சுற்றிலேயே விழ வேண்டும். ஆனால் பழைய ஃபங்க் இசையைக் கலைஞர்களை வைத்துத் திரும்ப வாசிக்கச் செய்து, மேலே கீச்சென்று நீளும் அந்த சிந்தசைஸர் ஒலியை விட்டு, அமெரிக்க மேற்குக் கரையின் ராப் இசையையே அது மாற்றியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இன்று 'இல்மாட்டிக்' ஆல்பத்தோடு அதுவும் இருக்கிறது.

வரிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கும் முயற்சியும் நடந்தது. யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2010இல் 'தி ஆந்தாலஜி ஆஃப் ராப்' என்ற தடிமனான தொகுப்பை வெளியிட்டது. நல்ல நோக்கம், மதிப்புமிக்க பதிப்பகம். வந்த வேகத்தில் வரிகளைப் பிழையாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்ற புகார் கிளம்பியது. எனக்குப் பிழைகூடப் பெரிதில்லை. பிழையே இல்லாமல் அச்சடித்திருந்தாலும் அந்தப் பக்கங்களில் நாம் இழப்பது அதிகம். பாட்டில் நம்மைத் தூக்கிப்போட்ட வரி, தாளில் சாதாரண வாக்கியமாகக் கிடக்கிறது.

டி லா சோல் குழுவின் கதை இதைவிடத் தெளிவானது. 1989இல் வந்த அவர்களுடைய '3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்', புரொட்யூசர் பிரின்ஸ் பால் எத்தனையோ இசைத்தட்டுகளின் துண்டுகளைக் கோத்து எழுப்பியது. அதில் ஒரு துண்டுக்காக டர்டில்ஸ் குழுவினர் வழக்குத் தொடுத்தார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்தார்கள். பழைய ஒப்பந்தங்களில் சாம்பிள்களுக்கான உரிமை இணையக் காலத்தைக் கணக்கில் கொண்டு எழுதப்படவில்லை. ஸ்ட்ரீமிங் வந்த பிறகும் பல ஆண்டுகள் அந்த ஆல்பம் அங்கே கிடையாது. 2023 மார்ச் 3 அன்றுதான் வந்தது. குழுவின் டேவிட் ஜாலிகோர் அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, பிப்ரவரியில் இறந்துபோனார். இத்தனை ஆண்டுகளில் அந்த ஆல்பத்தின் வரிகள் இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைத்தன. ஆனாலும் ஒரு தலைமுறை அந்த ஆல்பத்தை இழந்தது. வரிகள்தான் ஆல்பம் என்றால் இழப்பு என்று ஒன்றே ஏற்பட்டிருக்காதே.

'டேம்' ஆல்பத்துக்கே வருகிறேன். அதன் கடைசிப் பாட்டு 'டக்வொர்த்'. லமாரின் அப்போதைய இசை நிறுவனத்தின் தலைவர் அந்தோணி டிஃபித், ஒரு காலத்தில் லமாரின் அப்பா வேலை செய்த கேஎஃப்சியைக் கொள்ளையடிக்க நினைத்த கதை. அப்பா இலவசமாகக் கொடுத்த கோழித்துண்டுகள் அவர் உயிரைக் காப்பாற்றின. கதை அருமை. ஆனால் அந்தப் பாட்டில் நைன்த் வொண்டர் பீட்டை மாற்றிக்கொண்டே போகிறார். கதை திரும்பும் இடத்தில் தரையும் மாறுகிறது. முடிவில் துப்பாக்கிச் சத்தம், பிறகு ஒலி முழுவதும் பின்னோக்கி ஓடி ஆல்பத்தில் லமார் பேசும் முதல் வாக்கியத்தில் வந்து நிற்கிறது. அந்த அப்பா செத்திருந்தால் இந்த ஆல்பமே இல்லை என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் ஒலி சொல்லிவிடுகிறது. ஆல்பத்தின் உச்சம் இதுதான், இது வரியில் இல்லை.

பரிசுப் பட்டியலிலோ லமாரின் பெயர் மட்டும்தான். நைன்த் வொண்டர் இல்லை, ஆல்பத்தின் மற்ற பீட்காரர்களான மைக் வில் இல்லை, சவுன்வேவ் இல்லை. லமாருக்கும் ஒலியில் பங்கு உண்டு, தெரியும். ஆனால் இசையமைப்பாளர்களுக்கென்றே ஏற்பட்ட பரிசு ஒன்று, இசையை அமைத்தவர்களை விட்டுவிட்டது. நடுவர்களின் பாராட்டுக் குறிப்பில் தாளத்தைப் பற்றிய ஒரு சொல் இருந்தது. அதன்பின் வந்த கட்டுரைகளில் அதுவும் போய்விட்டது.

புலிட்சர் வாரியம் மறைந்த கலைஞர்களுக்குச் சிறப்பு விருது கொடுத்துத் தன் பழைய தவறுகளைச் சரிசெய்துகொள்வது உண்டு. எலிங்டனுக்கு 1999இல், தெலோனியஸ் மங்குக்கு 2006இல், ஜான் கோல்ட்ரேனுக்கு 2007இல் கொடுத்தது. அந்த வரிசையில் பீட்காரர் ஜே டில்லாவைச் சேர்க்க வேண்டும். 2006 பிப்ரவரி 7 அன்று அவருடைய 'டோனட்ஸ்' ஆல்பம் வெளிவந்தது. மூன்றே நாளில் அவர் இறந்துபோனார். மருத்துவமனைப் படுக்கையிலும் அவர் உழைத்த ஆல்பம், 31 சின்னத் தடங்கள். அதில் ராப்பர் யாரும் இல்லை. மேற்கோள் காட்ட ஒரு வரி கிடைக்காது. அடுத்த முறை கூடும் நடுவர்கள் அந்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு விவாதிக்கட்டும்.