எண்ணெய் பரோட்டாவுக்குத் தக்காளிச் சால்னா

விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைக் கல்லில் வாட்டுவதோடு விடமாட்டார்கள். நடுவில் எண்ணெய் தேங்கிய கல்லில் மொறுமொறுவெனப் பொரித்தெடுப்பார்கள். அந்த எண்ணெய்க்கு ஈடுகொடுக்கப் புளிப்பு வேண்டும். அதனால் வீட்டில் சால்னா வைக்க நாட்டுத் தக்காளியைத்தான் தேடுகிறேன். பெங்களூர்த் தக்காளியில் நிறம் வரும், புளிப்பு போதாது.

சோம்பு, பட்டை தாளித்து, சின்ன வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்க வேண்டும். தக்காளியின் புளிப்பை அடக்கும் இனிப்பு அங்கேதான் பிறக்கிறது. சர்க்கரை போடுவது எனக்கு ஒப்பாது. தக்காளியோடு உப்பையும் போட்டால் நீர் விட்டுச் சீக்கிரம் குழையும். பிறகு அவசரம் கூடாது. நீர் வற்ற வற்ற, தக்காளியில் இயல்பாகவே இருக்கும் குளூட்டமேட் செறிகிறது. கறி போடாத சால்னாவிலும் நாக்கில் நிற்கும் ருசி அதனால்தான். இத்தாலியில் பாஸ்தாவுக்கு வைக்கும் தக்காளி சாஸும் இப்படி வற்றித்தான் தேறுகிறது. ஓரத்தில் எண்ணெய் பிரிந்த பிறகே அடுத்த வேலை.

காரத்துக்கு சாத்தூர்ப் பக்கத்துச் சம்பா வத்தலை அரைத்த தூள். தேங்காய், பொட்டுக்கடலை விழுது கடைசியில், கொஞ்சமாக, கூடினால் குருமாவாகிவிடும். சால்னா தண்ணியாகத்தான் இருக்க வேண்டும். பிய்த்துப் போட்ட பரோட்டாவின் அடுக்குகளுக்குள் அது இறங்க வேண்டும், ஓரத்து மொறுமொறுப்பு மட்டும் கடைசி வாய் வரை தங்க வேண்டும்.