நூற்பட்டியலில் காலப் புலங்கள்: ஒரு திறனாய்வு

துணைநூற்பட்டியலில் காணும் ஆண்டு வெறும் எண் அன்று. ஒரு கருத்து எப்பொழுது தோன்றிற்று என்பதற்குரிய சான்று ஆகும். லாடெக் வழியே ஆய்வேடு அமைப்போர் பிப்லாடெக் முறையில் நூல்விவரம் பதியுங்கால், காலங்குறிக்கும் புலங்கள் பல எதிர்ப்படுகின்றன. அவற்றுள் எதனை எதற்குக் கொள்ளுதல் தகும் என ஈண்டு ஆராய்வோம்.

'இயர்' என்பது பழைய பிப்டெக் முறையின் எச்சம். 'டேட்' என்பது ஆண்டு, திங்கள், நாள் எனும் முறையே எண்களால் எழுதப்படுவது. இரண்டும் ஒருங்கே நிற்பின் 'டேட்' புலமே கொள்ளப்படும். ஆதலின் அதனையே மேற்கொள்ளுதல் நன்று. இணையத்தில் ஒரு படியைப் பார்த்த நாள் 'யூஆர்எல்டேட்' புலத்திற்கு உரியது. இவற்றில் ஐயமில்லை.

ஐயம் எழுவது மறுஅச்சு நூல்களிலேயாம். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856-இல் வெளிவந்தது. ஆசிரியரே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875-இல் தோன்றிற்று. அவர் 1891-இல் மறைந்தபின், வயட், இராமகிருட்டிணப் பிள்ளை ஆகியோர் திருத்திய மூன்றாம் பதிப்பு 1913-இல் வந்தது. முன்னிருந்த சில பகுதிகள் அதில் விடப்பட்டன. அதனையே சென்னைப் பல்கலைக்கழகம் 1961-இல் மறுஅச்சிட்டது.

இம்மறுஅச்சைக் கையாளும் மாணவர் 'டேட்' புலத்தில் 1961 என மட்டும் பதிவாராயின், மறைந்த ஆசிரியர் எழுபது ஆண்டுகட்குப்பின் எழுதியதுபோல் தோன்றும். மூலப்பதிப்பின் காலத்திற்குரிய 'ஒரிஜ்டேட்' புலத்தில் 1856 எனச் சேர்த்தல் தகுமெனச் சிலர் கருதக்கூடும். அதுவும் பொருந்தாது. 1875-இல் புதிதாகச் சேர்ந்த ஒரு கருத்து, அதனால் பத்தொன்பது ஆண்டு முற்பட்டதாகிவிடும். பிறர் திருத்திய சொற்களும் ஆசிரியரின் முதற்கூற்றாகிவிடும். சொல்லாராய்ச்சி வரலாற்றில் இது சிறுபிழை அன்று.

ஆதலின் 'டேட்' புலத்தில் 1961, 'ஒரிஜ்டேட்' புலத்தில் மறுஅச்சுக்கு மூலமாகிய 1913, பதிப்புப் புலத்தில் 3 எனப் பதிதலே முறை. 1856-ஆம் ஆண்டுக் கருத்தைப் பற்றிக் கூறவேண்டின், அம்முதற்பதிப்பையே பார்த்துத் தனிப்பதிவாக அமைத்தல் வேண்டும். மேலும், பிப்லாடெக்கின் பொதுநடைகள் 'ஒரிஜ்டேட்' புலத்தைத் தாமே அச்சிடா. அதனை அச்சிடும் நடையைத் தேர்தலும் ஆய்வாளர் கடன்.

பக்க எண் எந்தப் படிக்கு உரியதோ அதன் ஆண்டே முதன்மையானது. அப்படி எப்பதிப்பின் வழிவந்ததோ அதன் ஆண்டே மூலக்காலம். இதுவே நம் துணிபு.