எரித்து எடைபோட்ட பரம்பரை

கரிமச் சேர்மத்தில் கார்பன் எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கேட்டால் வேதியியலார் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவரும் வழி ஒன்றே: எரித்துப் பார். லவாய்சியே சாராயத்தையும் எண்ணெயையும் ஆக்சிஜனில் எரித்தார். 1811-இல் கே-லுசாக்கும் தெனாரும் பொட்டாசியம் குளோரேட்டைச் சேர்த்து எரித்து, வந்த வாயுவின் பருமனை அளந்தார்கள். கைதேர்ந்த சிலருக்கே அது வசப்பட்டது.

ஜெர்மனியின் கீசன் நகரில் அது மாறியது. 1831-இல் லீபிக் ஐந்து குமிழ்கள் கொண்ட முக்கோணக் கண்ணாடிக் குழாயை அறிமுகப்படுத்தினார். பொருளைக் காப்பர் ஆக்சைடுடன் சூடாக்கினால் எழும் நீராவியைக் கால்சியம் குளோரைடு பிடித்துக்கொள்ளும்; கார்பன் டைஆக்சைடு குமிழ்களிலுள்ள பொட்டாஷ் கரைசலில் தங்கிவிடும். குழாயை எரிப்புக்கு முன்னும் பின்னும் எடைபோட வேண்டியதுதான். கூடிய எடையில் 44-க்கு 12 பங்கு கார்பன். மாணவர் எவரும் செய்யும்படி இதை எளிதாக்கியதையே லீபிக்கின் பெரிய சாதனை என்பேன்.

நைட்ரஜனில் வழிகள் பிரிந்தன. டூமா 1833-இல் அதை வாயுவாகவே சேகரித்து அளந்தார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் கெல்டால், 1883-இல், பொருளை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, காரம் சேர்த்து, அம்மோனியாவாக வடித்தெடுத்தார். வசதியான முறைதான். ஆனால் நைட்ரோ, அசோ சேர்மங்களின் நைட்ரஜன் அதில் சரிவர அகப்படாது. அகப்பட்டதிலும் புரதத்தினுடையது எது, வேறு எது என்று அதற்குத் தெரியாது. 2008-இல் சீனாவில் அம்பலமான பால் கலப்படம் இந்த ஓட்டையில் நுழைந்ததுதான்: பாலில் சேர்த்த மெலமைன் என்ற சேர்மத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்; நைட்ரஜனை வைத்தே புரதத்தைக் கணக்கிட்டதால், நீர் கலந்த பாலும் புரதம் நிறைந்ததாகக் கணக்குக் காட்டியது.

ஆஸ்திரியாவின் பிரெகல் பித்த அமிலங்களை ஆராய்ந்தபோது கையிலிருந்த பொருள் மிகச் சொற்பம். எனவே கருவிகளையே சுருக்கி, சில மில்லிகிராமே போதும் என்றாக்கினார். 1923-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய கருவியும் அவர் வழியில் வந்ததே: இரண்டு மில்லிகிராம் தூளைத் தகரக் கூட்டில் இட்டு, இடுக்கியால் மடித்து உலைக்குள் விட்டால், தகரமும் சேர்ந்து பளிச்சென எரியும்.

கணக்கிட்ட சதவீதத்துக்கும் கண்ட சதவீதத்துக்கும் இடையே 0.4-க்கு மேல் விலகல் கூடாது என்பது ஆய்விதழ்கள் பலவற்றின் வழக்கம். ஒட்டிக்கொண்ட கரைப்பான் கொஞ்சம் போதும், அதைத் தாண்டிவிட. ஆக்சிஜனையோ பெரும்பாலும் அளப்பதேயில்லை. நூறிலிருந்து கழித்து எழுதுகிறார்கள், மற்ற அளவுகளின் பிழையெல்லாம் அதன் தலையில். எல்லாம் சரியாக வந்தாலும் பொருள் இன்னதென்று முடிவாகிவிடாது: குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், அசிட்டிக் அமிலம் மூன்றிலுமே கார்பன் 40.0 சதவீதம்.